கரை தாண்டிய கிடா

நவம்பர் 9, சனி
மழை. கேக் தீய்ந்துவிட்டது. அப்படியே தின்றேன்.
பக்கத்துப் பண்ணை பெடோஸ் ஒரு வாரம் அக்கா வீட்டுக்குப் போகிறார். எல்லை மண்கரைக்கு அந்தப் பக்கம், இங்கிலாந்தில் மேயும் அவர் ஆடுகள் என் பொறுப்பு. அசல் இனம், கலப்பு ஆகிவிடக் கூடாது என்று மூன்று தடவை சொன்னார். எங்கள் வேல்ஸ் கிடா ஒன்றும் அதுகளுக்காக ஏங்கவில்லை என்றேன். வாய்க்கொழுப்பு.

நவம்பர் 12, செவ்வாய்
நாசமாப் போச்சு. எங்கள் கிடா இட்வால் அந்தப் பக்கம் நிற்கிறான்.
கரை புராதனச் சின்னம். அதில் ஒரு கம்புகூட நடக் கூடாது. அதனால் உடைப்பில் ஒரு மரத்தட்டியைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தோம். கயிறு அவிழ்ந்து கிடக்கிறது. எந்த ஆட்டோடு சேர்ந்தான் என்று தெரிய அவன் நெஞ்சில் நான் பூசிய நீலச் சாயம், பெடோஸின் பதினொரு ஆடுகளின் பின்புறத்தில். பதினொன்று! அவன் முகத்தில் துளி வெட்கம் இல்லை.
வேல்ஸ்காரர்கள் எங்களைத் தடுக்கத்தான் அந்தப் பக்கத்து ஒஃபா ராஜா ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால் இந்த மண்ணைக் குவித்தானாம். நல்லாத் தடுத்தான் போ.

நவம்பர் 13
வாளியும் சோப்புமாகப் போய் மூன்று ஆடுகளைத் தேய்த்தேன். நானும் நீலமானதுதான் மிச்சம்.
அம்பத்தெட்டு வயசுல இது என்ன திருட்டு வேலை? என் வீட்டுக்காரர் போன பிறகு, குட்டி ஈனும் மாதத்தில் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருகிற ஒரே மனுஷன் பெடோஸ். அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் — தாங்க மாட்டேன். சொல்லிவிட வேண்டியதுதான்.

நவம்பர் 14
கையில் இன்னும் நீலம்.

நவம்பர் 16, சனி
சொல்லிவிட்டேன். அவர் வாசலில், மூச்சு விடாமல்.
தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். காது சிவந்துவிட்டது.
"கயிறை நான்தான் அவுத்து விட்டுட்டுப் போனேன், நெஸ்டா."
அவருடைய கிடா, கண்காட்சியில் கோப்பை வாங்கியதே, அதனால் இனி குட்டி தர முடியாதாம். டாக்டரே கைவிரித்துவிட்டார். ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட பிறகு வெளியே சொல்ல வெட்கம்.
அப்புறம் எதற்கு என்னிடம் மூன்று தடவை எச்சரிக்கை?
"உங்களுக்குச் சந்தேகம் வரக் கூடாதுன்னுதான்."
கேட்டிருந்தால் நானே ஓட்டிக்கொண்டு வந்திருப்பேனே என்றேன். ஒரு வேல்ஸ்காரியிடமா என்று முனகினார். சிரித்துச் சிரித்து இருவருக்கும் வயிறு வலி. ராத்திரிச் சாப்பாடு அங்கேயே.

டிசம்பர் 25
ஆட்டிறைச்சிச் சூப்பு வைத்தேன். கரை ஏறி வந்தார். மூன்று கிண்ணம் குடித்தார்.

ஏப்ரல் 8, செவ்வாய்
பெடோஸ் கொட்டகையில் முதல் ஆடு ஈன்றது. இரட்டை. இரண்டும் எழுந்து நின்று பால் குடித்துவிட்டன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.
குட்டிகளின் காதில் யார் பண்ணை எண்ணைக் குத்துவது என்று கேட்டேன். அறுபது வயது வரை கல்யாணமே செய்துகொள்ளாத மனுஷன், குட்டியின் முதுகைத் துடைத்தபடி, என்னைப் பார்க்காமலே சொன்னார்:
"ரெண்டு பண்ணைக்கும் ஒரே எண்ணா வாங்கிட்டா என்ன?"
யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதற்குள் அடுத்த ஆட்டுக்கு வலி கண்டுவிட்டது. அது ஈன்று முடிப்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டேன்.