நிலாப் படத்தின் கடைசி ரீல்

1970, ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள், இரவு.

திருவிழாக் கூட்டத்துக்காக எங்கள் கொட்டகையில் மூன்று நாளாக ஒரு ஆட்டம் கூடுதல். நேரம் மிச்சம் பிடிக்க, நிலாவுக்குப் போனவர்களைப் பற்றிய செய்திப்படத்தில், அவர்கள் திரும்பி வரும் கடைசி ரீலை நான் பெட்டியை விட்டே எடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. இன்று மேட்னி முடிந்ததும், ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்த நெசவுக்காரப் பெண் ஒருத்தி ஆபரேட்டர் அறைக்கு ஏறி வந்தாள்.

"அண்ணா, அவங்க திரும்பி வந்துட்டாங்களா?"

"ஆங், வந்துட்டாங்கம்மா."

"நீங்க கண்ணால பார்த்தீங்களா? எங்க ஊட்டுக்காரரு பம்பாய் போயி நாலு வருசமாவுது. வந்துகினு இருக்காருன்னுதான் எல்லாரும் சொல்றாங்க."

மனசு கேட்காமல் அவளுக்காக அந்த ரீலைப் போட்டேன். பெட்டிக்குள் ஈரம் பட்டுப் படம் அழிந்திருந்தது. அவர்கள் வந்து இறங்கிய கடல் மட்டும் தெரிந்தது. அதன்மேல் யாரும் இல்லை. திரை வெளுக்கும்வரை பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

அவர்கள் வந்ததை நானும் பேப்பரில் படித்ததுதான். அவ்வளவு சட்டென்று ஏன் ஆங் என்றேன்?

தேய்பிறை நிலா இப்போதுதான் மலைக்கு மேல் ஏறுகிறது. எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன்.