வெல்டிங் தலைக்கவசமும் மூன்று மெமோக்களும்

எழுதும்போது ஏதாவது விட்டுப்போய்விடும் என்ற பயத்தில் முதலில் குறித்துக்கொள்கிறேன். உங்களிடம் சொல்ல வேண்டியவை:

1. உங்கள் மகள் ஸ்டெல்லாவின் கண்.
2. இன்று அவளுக்கு வாங்கப்போகும் தலைக்கவசமும், அதற்கு நான் எழுதி வைத்திருக்கும் நிபந்தனைகளும்.
3. தொழிற்சாலையில் நான் வாங்கித் தந்த தலைக்கவசத்தை நீங்கள் போடாமல் விட்டது வெறும் பிடிவாதம் என்பது.

மூன்றாவதை எழுதத் தயக்கமாக இருக்கிறது. போய்விட்ட மனிதரிடம் குறை சொல்வது முறைதானா என்று தெரியவில்லை. ஆனால் நேற்றிலிருந்து உங்கள்மேல் கோபம் தணியவில்லை.

நேற்று கள்ளிக்குப்பத்தில் உங்கள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் பச்சை உருளைக்கிழங்கு வாசனை. உங்கள் மகள் கூடத்தில் மல்லாந்து படுத்திருந்தாள். இரண்டு கண்ணிலும் வட்டமாக நறுக்கிய துண்டுகள். வெல்டிங் வெளிச்சம் கண்ணில் அடித்துவிட்டால் நீங்களும் இப்படித்தான் படுத்திருப்பீர்கள், மணலைக் கொட்டினாற்போல் உறுத்துகிறது என்பீர்கள்.

"ஒண்ணுமில்ல அங்கிள்," என்றாள். "டேக்குதானேன்னு கண்ணை மூடிக்கினு அடிச்சேன். அப்பா அப்டித்தானே அடிப்பாரு."

இரண்டு இரும்பை நகராமல் நிறுத்த, அங்கங்கே ஒரு பொட்டு டேக் ஒட்டுவதற்குக்கூடக் கவசமா என்று உங்கள் பட்டறையில் எல்லோருக்கும் அலட்சியம். இமை காப்பாற்றிவிடும் என்று நம்பினீர்கள். ஒரு நாளில் நூறு பொட்டு என்றால் அதில் ஏதோ ஒரு முறை ஒரு கணம் முந்திக் கண் திறக்கத்தானே செய்யும். முகப்பேர் கண் டாக்டர் அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: திரும்பத் திரும்ப இப்படி வந்தால் கருவிழியில் தழும்பு விழலாம். ஆனால் சென்னீர்குப்பத்தில் ஒரு கிடங்குக்குப் பெரிய கேட் செய்ய ஒப்புக்கொண்டிருக்கிறாள். இரண்டு நாளில் வேலை தொடங்க வேண்டும். "நீங்களே ஒரு ஹெல்மெட் பாத்து எடுத்துக் குடுங்க அங்கிள். உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்," என்று கேட்டாள். கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நான் தேர்ந்தெடுத்ததை உங்கள் வீட்டில் ஒருவர் ஏற்கெனவே போடாமல் விட்டவர் அல்லவா.

நிபந்தனைகளை எழுதிவிட்டேன். தீப்பொறி எழுந்த கணத்தில் கண்ணாடி தானாகக் கறுக்க வேண்டும். அதற்கான சென்சார் குறைந்தது நான்கு இருக்க வேண்டும். ஒன்றைக் குழாய் மறைத்தாலும் இன்னொன்று பார்க்கும். தலைப்பட்டையை இறுக்கும் திருகு பின்மண்டையில் உறுதியாக நிற்க வேண்டும். வெளிக் கண்ணாடி கீறினால் மாற்றுக் கண்ணாடி அம்பத்தூரிலேயே கிடைக்க வேண்டும்.

தொழிற்சாலையில் அன்றும் இப்படித்தான் எழுதினேன். பாதுகாப்பு அலுவலராக நான் முதன்முதலில் தனியாகக் கையெழுத்திட்டு வாங்கியவை அந்தப் பன்னிரண்டு தலைக்கவசங்கள். ஒன்றை என் மேசையில் வைத்து, அரை மணி நேரம் நானே மாட்டிக்கொண்டு கோப்புகள் பார்த்தேன். நழுவவில்லை, வலிக்கவில்லை. நீங்கள் மட்டும் ஒரு வாரத்தில் அதை ஆணியில் மாட்டிவிட்டுப் கையில் பிடிக்கும் பழைய முகமறைப்பை எடுத்துக்கொண்டு, வெல்டிங் செய்ய வேண்டிய டேங்குக்குள் போனீர்கள். இரண்டு கையும் தேவைப்பட்டால் மறைப்பைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். மூன்று முறை மெமோ கொடுத்தேன்.

"இன்னா சார் நீ, லவ் லெட்டர் மாறி வாரா வாரம் குடுக்குற," என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டீர்கள். காரணம் கேட்டால், "புடிக்கல சார், உடு," என்பீர்கள். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

கடைசி இரண்டு வருடம் உங்களுக்குக் கண் மங்கி எழுத்து தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பூசை முடிந்து வந்ததும் நான்தான் செய்தித்தாளைப் படித்துக் காட்டினேன். ஒவ்வொரு ஞாயிறும் கவசத்தைப் போடவில்லையே என்ற எரிச்சலோடுதான் படித்தேன் என்பதை இன்று சொல்லிவிடுகிறேன்.

இதுவரை காலையில் எழுதியது. இப்போது மாலை. கடைக்குப் போய் வந்துவிட்டோம்.

நான்கு நிபந்தனைக்கும் பொருந்துகிற ஒன்றைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. கடைக்காரர், "ஹெல்மெட்டுக்கு ஜாதகம் பாக்குறியா சார்? இன்னும் நட்சத்திரம்தான் கேக்கல," என்றார். ஸ்டெல்லா அதை என் கையிலிருந்து வாங்கித் தலையில் மாட்டினாள். பிறகு துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு, கடைத் தரையில் அப்படியே மல்லாந்து படுத்து மேசைக்கு அடியில் தலையை நுழைத்தாள்.

"யம்மா, இன்னா பண்ற? கஸ்டமர் வருவாங்கோ," என்று கடைக்காரர் பதறினார்.

"நான் கஸ்டமர் இல்லியாண்ணா?" என்றாள் அடியிலிருந்து. பின்மண்டைத் திருகு தரையில் இடித்துப் பட்டை நெற்றிக்கு ஏறியது. கவசம் சரிந்து, தாடைக்கும் அதற்கும் நடுவே என் கை நுழையும் அளவு இடைவெளி. அந்த வழியாக அவள் கண் என்னைப் பார்த்தது.

"கேட்டுக்கு அடியில இப்டித்தான் அங்கிள் படுத்துகினு அடிக்கணும். நின்னுகினே யாரு அடிக்கிறா?"

அவள் எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "ஃபேக்டரில குடுத்ததும் இதே கதைதான்னு அப்பா சொல்வாரு. டேங்குக்குள்ள படுத்தா மூஞ்சை உட்டுட்டு நெத்திக்குப் போய்டுமாம். ஏன் சொல்லலன்னு அம்மா கேட்டதுக்கு, 'சாரு ஆசையா வாங்கிகினு வந்தாரு. பன்னெண்டும் வேஸ்ட்டுன்னு சொன்னா மேல இருக்கவன் அவரைத்தான் புடிப்பான். நான் புடிக்கலன்னு சொல்லிட்டுப் போறேன்'னாரு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

தெரியாது. மற்ற பதினொரு பேரும் நின்று செய்யும் வேலையில் இருந்தார்கள். டேங்குக்குள் படுத்தவர் நீங்கள் ஒருவர்தான். உங்களை ஒருமுறைகூட உள்ளே வந்து பார்க்காமல், வெளியே நின்றே மெமோ நீட்டியவன் நான்.

அதன்பின் ஸ்டெல்லா இன்னும் ஐந்தைப் படுத்துப் பார்த்தாள். ஐந்தாவது எடை குறைந்தது; பின்னால் தட்டையான பட்டை, திருகு பக்கவாட்டில். சரியவில்லை. சென்சார் நான்கு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொன்னேன். இருந்தது. டேக்குக்கும் மாட்டுவேன் என்று உங்கள் பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்தாள்.

உங்கள்மேல் கோபம் இன்னும் இருக்கிறது, காரணம்தான் வேறு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குப் போயிருந்தால் ஒரு பதவி உயர்வு போயிருக்கும். நான் பயந்தவன் என்று தெரிந்து என்னைக் காப்பாற்ற நினைத்தீர்கள். யார் கேட்டார்கள் அதை?

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. கோடு போட்டு அடிக்காமல் அப்படியே விடுகிறேன். அந்த மூன்று மெமோக்களும் என் பெயருக்கு வந்திருக்க வேண்டியவை. நீங்கள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டீர்கள்.