அந்த ஊசி நமக்கு ஆகாது

அண்ணே,

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிர்க்கடையில் சேவு பிழிகிறார்கள். எண்ணெய் வாசனை மாடிவரை வருகிறது. உங்கள் ஞாபகம் வராமல் என்ன செய்யும்? குடலிறக்க ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் நீங்கள் கேட்டதே சேவுதானே!

அன்று சீக்கிரமே எழுந்திருக்க வேண்டிய ஆள் சாயங்காலம்வரை அசையவில்லை. மூச்சுக்கு மெஷின். உங்கள் மாமனார் கட்டிலருகே நின்று, "நல்ல மனுசன், என்ன, கொஞ்சம் கஞ்சன்" என்று புலம்பினார். உடம்பு அசையாவிட்டாலும் உங்களுக்குக் காது கேட்டிருக்கிறது. குழாயை எடுத்ததும், "யாரு மாமா கஞ்சன்?" என்றீர்களே, மனுசர் அதன்பிறகு உங்கள் கடைப்பக்கமே தலைகாட்டவில்லை.

மதுரையில் ஆய்வகத்தில் புரதங்களோடு மல்லுக்கட்டுகிற நான்தான் உங்கள் ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். மயக்கத்தின்போது தசையைத் தளர்த்தப் போட்ட ஊசிமருந்தை உடம்பிலிருந்து ஒழிக்க வேண்டிய புரதத்தில், மாலைபோல் கோத்த அமினோ அமில மணிகளில், லியூசின் இருக்க வேண்டிய ஓர் இடத்தில் புரோலின் உட்கார்ந்திருந்தது.

"ஐநூறு மணிக்கு மேல கோத்த மாலைங்கிற. ஒரு மணி மாறுனதுக்கா ஏத்தா இந்தப் பாடு?" என்றீர்கள்.

"எந்த எடம், அக்கம்பக்கம் யாருன்னு பாக்கணும்ண்ணே. புரோலின் வெறப்பான ஆளு. சில எடத்துல இருந்தா ஒண்ணும் செய்யாது. இங்க சுத்தி இருக்கதோட சேந்து மடிய மாட்டேங்குது."

"அப்ப என் மாமனாருதான். அவரு கடையில தங்கம், வீட்டுக்கு வந்தா வளைக்க முடியாது!"

நம் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக இருந்த பழுதான மரபணு, உங்களிடம் இரண்டாக வந்து சேர்ந்துவிட்டது. நீங்களும் சொந்தத்திலேயே கட்டினீர்கள். உங்கள் மகளுக்கும் இரண்டு. எனக்கு ஒன்றோடு போயிற்று.

அந்த மாசிக் கும்பிடுக்கு, திருச்சுழிப் பக்கம் நம் குலசாமி கோயிலில் சொந்தமெல்லாம் கூடியிருந்தபோது, பொங்கல் வாங்கக் கூப்பிடும் மைக்கைப் பிடுங்கினீர்கள். "ஆபரேசனுக்குப் போறவுக, மயக்க டாக்டருகிட்ட அந்த ஊசி நமக்கு ஆகாதுன்னு மொதல்லயே சொல்லிருங்க!" விளைவு? பந்தல்குடி அத்தை காய்ச்சல் ஊசிக்கே கையை நீட்ட மறுத்துவிட்டார். நீங்கள் விடவில்லை. அடுத்த வருடம் மருந்தின் பெயரையும் சேர்த்துச் சொன்னீர்கள். மாரடைப்பில் போய்ச் சேரும்வரை வருடா வருடம் சொன்னீர்கள்.

இன்று காலை உங்கள் மகளுக்குத் திடீரென்று சிசேரியன். முதுகில் ஊசி போட நேரமில்லை, முழு மயக்கம்தான் என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். பிறகு யாரும் எடுக்கவில்லை. நான் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். வழியெல்லாம் போனை அடித்துக்கொண்டே வந்தேன் அண்ணே.

ஓடிவந்து பார்த்தால் மயக்க டாக்டர் சிரிக்கிறார். "அந்த வலியிலயும் மருந்து பேரோட சொல்லிட்டாங்கம்மா. வேற மருந்து போட்டோம்." உங்கள் மகள் கண் விழித்து என் கையை இறுக்கிப் பிடித்தாள். நான் ஓவென்று அழுதேன், அத்தனை சந்தோஷம்.

பேரன் பிறந்திருக்கிறான். உங்கள் மூக்கு அப்படியே. அம்மாவுக்கு இரண்டு என்பதால் அவனுக்கு ஒன்றாவது நிச்சயம். பேச்சு வரும்வரை, எந்த டாக்டரிடம் தூக்கிப்போனாலும் அவனுக்காக நான் சொல்லிக்கொள்கிறேன். பேச்சு வந்ததும், தாத்தா பேரோடு அதையும் சொல்லிக்கொடுத்துவிடுவேன்.