வளைந்த மேடைக்குத் தண்ணீர்

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே வெயில். ரயில் தாமதம். ஊரப்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டு வரை நின்றபடியே.

பள்ளியில் செங்கல் இறங்கிவிட்டது. என் பிளஸ் டூ கட்டுமான வகுப்பில் பாதி என்னிடம், பாதி புது ஆசிரியர் கார்த்திக்கிடம். வேப்பமரத்தடியில் ஆளுக்கொரு உட்காரும் மேடை. நன்றாகக் கட்டுபவருக்குத்தான் புதுப் பட்டறைப் பொறுப்பு என்றார் எச்.எம். அந்தப் பட்டறைக்கு மனு எழுதி எழுதியே தேய்ந்தவள் நான். நேற்று வந்தவரோடு போட்டி!

வாங்க: நூல்கண்டு, சாக்கு, முதுகுவலித் தைலம்.

ஜூலை 9, புதன்

என் மேடை நேர்க்கோடு. கார்த்திக் சாருடையது வளைவு. எச்.எம். அங்கேயே நின்று போட்டோ எடுத்தார். "பார்க்குக்குள்ள வந்த மாதிரி இருக்கு சார்!" பிறகு என்னிடம், "உங்களோடதும் ஸ்ட்ராங்கா இருக்கு மேடம்."

ஸ்ட்ராங்காம்.

மதியம் ரேவதி வந்தாள். மட்டம் பார்க்க ரசமட்டமே தேவைப்படாத கண் அவளுக்கு. என் குழுவின் பலமே அவள்தான். "மிஸ், நான் சார் குரூப்புக்குப் போவட்டா? வளைவு கட்டக் கத்துக்கணும்."

போ என்றேன். தயிர் சாதம் அப்படியே வீடு திரும்பியது.

ஜூலை 11, வெள்ளி

இரண்டு மேடைக்கும் சிமெண்ட் பூச்சு முடிந்தது. நாளை கார்த்திக் தன் குழுவை மாமல்லபுரம் கூட்டிப்போகிறாராம். சிற்பக்கூடம், கடல், மீன் வறுவல். என் குழுவில் ஒருவன்: "நம்மள எங்கயும் இட்டுகினு போவ மாட்டீங்களா மிஸ்?"

நாளை பூச்சுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று கார்த்திக் யோசிக்கவே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

ஜூலை 12, சனி

அனல். என் மேடைக்குத் தண்ணீர் விடப் போனேன். பொய் எதற்கு, அவருடையது வெடித்திருக்கிறதா என்று பார்க்கவும்தான். வெடித்தால் பட்டறை எனக்கு. ரயிலில் முழுக்க அதே நினைப்பு. வெட்கம்கூட வரவில்லை.

வளைந்த மேடை முழுக்க ஈரச்சாக்கு. பக்கத்தில் குடத்தோடு ரேவதி.

"நீ மாமல்லபுரம் போகல?"

"எல்லாரும் போய்ட்டா இதுக்கு யாரு மிஸ் தண்ணி ஊத்தறது? சாருக்கு ஞாபகமே இல்ல. நீங்கதான சொல்லிகினே இருப்பீங்க, பூச்சு காஞ்சா வெடிச்சிரும்னு."

என் மேடை வெளுத்துக் கிடந்தது. என் குழுவிலிருந்து ஒருவரும் வரவில்லை.

ரப்பர் குழாயை இழுத்து வந்து முதலில் அவளிடம் கொடுத்தேன். என் மேடைக்காக இவள் மாமல்லபுரத்தை விட்டிருப்பாளா?