வெறுங்காலைப் படம் பிடித்தவன்

நைனாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அம்மா சுகமா? நான் நன்றாக இருக்கிறேன்.

ஞாயிறன்று மான்செஸ்டரில் பழைய மில் தொழிலாளர்கள் நினைவாக ஒரு நடைப்பயணம். எங்கள் வேலையிடத்து சூப்பர்வைசரே கூப்பிட்டார், டீயும் இலவசம். "சும்மா எவன்டா டீ குடுப்பான்? இன்னாத்துக்கு இட்டுகினு போறான்?" என்று நீங்கள் கேட்பது போலவே இருந்தது. வராதவர்களைக் குறித்துக்கொள்வாரோ என்றுதான் போனேன்.

முன்னால் மேளம் அடித்ததும், ஆடிக் கிருத்திகைக்கு மலையேறும் பழக்கத்தில் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். வேறு யாரும் கழற்றவில்லை. ஒருவன் என் வெறுங்காலைப் படம் பிடித்து, பத்திரிகைக்கு என்று பெயர் கேட்டான். இந்த ஊரில் என் பெயரைக் கேட்ட முதல் ஆள். எதற்கு வம்பென்று என் பெயரைச் சொல்லவில்லை. வாயில் வந்தது உங்கள் பெயர்.

அம்மா அரைத்த மிளகாய்த்தூள் கொஞ்சம் அனுப்புங்கள். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. படம் வந்தால் பயப்படாதீர்கள், நைனா. கீழே 'எல்லப்பன், தொழிலாளி' என்றுதான் போட்டிருப்பார்கள்.

ராஜேஷ்