கேண்டீன் ஸ்பூனின் எடை

ஜனவரி 9

கம்பெனி மருத்துவப் பரிசோதனை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.3. "ஆறரை தொட்டா நோய். இப்பவே வாயைக் கட்டுங்க" என்றார் டாக்டர். எனக்கு இருபத்தெட்டு வயது. அப்பாவுக்குத்தான் பதினைந்து வருடமாகச் சர்க்கரை, எனக்கு எதற்கு? தொழிற்சாலைத் தராசுகளையும் மீட்டர்களையும் சரிபார்ப்பது என் வேலை. உங்கள் மெஷினைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள் என்று கேட்டேன். முறைத்தார். மெஷின்தான் கோளாறு. சந்தேகமே இல்லை.

ஜனவரி 11

அக்கா வேலை செய்யும் பரிசோதனைக் கூடத்தில் மறுபடி ரத்தம் கொடுத்தேன். 6.2.

"பாத்தியாக்கா, மெஷினுக்கு மெஷின் மாறுது."

"மாறி எங்கடா போச்சு? ரெண்டும் உன்னை மாதிரி ஒரே இடத்துல அடம் பிடிக்குது. நாள் முழுக்க என்ன திங்கற?"

"ஒண்ணுமில்ல. டீ மட்டும்தான். அஞ்சு. ரெண்டு ஸ்பூன் சக்கரை."

"ஒரு ஸ்பூன் எத்தனை கிராம்?"

தெரியவில்லை. எடை பார்த்தே சம்பளம் வாங்குகிறவனுக்குத் தெரியவில்லை.

ஜனவரி 13

கேண்டீன் ஸ்பூனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். டீ மாஸ்டர் பார்த்துவிட்டார். "ஏன் தம்பி, வீட்ல ஸ்பூன் இல்லியா?"

மாஸ்டர் அள்ளுவது போலவே குவித்து அள்ளி, என் தராசில் மூன்று முறை வைத்தேன். 9.1, 8.8, 9.3. கிட்டத்தட்ட ஒன்பது. ஒரு நாளைக்குப் பத்து ஸ்பூன், தொண்ணூறு கிராம். இதில் பிஸ்கட் சேரவில்லை. பிஸ்கட்டை நான் ஒரு நாளும் எண்ணியதில்லை.

தராசைத் திரும்பச் சரிபார்த்தேன். அது சரியாகவே இருந்தது. சனியன்.

ஜனவரி 14

சர்க்கரை இல்லாத டீ. குடித்தேன் என்று சொல்ல முடியாது. விழுங்கினேன்.

ஜனவரி 19

தோற்றேன். இரண்டு ஸ்பூன். பக்கத்தில் நாலு பிஸ்கட்.

பிப்ரவரி 2

புதுத் திட்டம்: அடுத்த பரிசோதனைக்கு மூன்று நாள் முன்னால் பட்டினி. அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"மூணு மாசக் கணக்கு காட்டற டெஸ்ட்டுடா அது. மூணு நாள்ல முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கப் பாக்கறியா? நீயெல்லாம் என்ன படிச்சே?"

சராசரி என்றால் என்னவென்று எனக்கே பாடம். போனை வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 15

அப்பா கடைக்குப் போய்த் திரும்பினார். ஒரு காலில்தான் செருப்பு. "எங்கப்பா இன்னொண்ணு?" என்றேன். குனிந்து பார்த்தார். "அட, இருக்குன்னுல்ல நெனச்சேன்." அம்மா சிரித்தாள். அவரும் சிரித்தார். நானும்.

தேடிப் போனேன். செருப்பு தெருமுனையில் கிடந்தது. அங்கிருந்து வீடு வரை ஜல்லி. சக்கரையில கால் மரத்துப்போயிருக்கு. எத்தனை நாளா? ஒரு வார்த்தை சொல்லலையே மனுஷன். உள்ளங்காலில் ரத்தம் வந்திருந்தது — அதையும் நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

பிப்ரவரி 16

ஒரு ஸ்பூன். தட்டி, சமமாக. நாலரை கிராம்.

மார்ச் 4

அரை ஸ்பூன். மாஸ்டர்: "காதல் தோல்வியா தம்பி?"

மார்ச் 30

சர்க்கரை இல்லை. இன்னும் கேவலமாகத்தான் இருக்கிறது. பழகிவிடும் என்று சொல்பவர்கள் எல்லாரும் பொய்யர்கள்.

மே 22

5.8. "இப்ப மெஷின் சரியா இருக்கா?" என்றாள் அக்கா. சரியில்லை என்று நான் எப்போது சொன்னேன்?

சாயங்காலம் வழக்கம்போல் அப்பாவோடு நடந்தேன். புண் ஆறிவிட்டது. இப்போது கழலாமல் குதிகாலில் வார் வைத்த செருப்பு.

"என்னடா, தரையையே பாத்து நடக்கற? எதையாவது தொலைச்சிட்டியா?"

"இல்லப்பா."

அவர் இரண்டு காலிலும் செருப்பு இருந்தது.