சந்தனப் பொட்டு வைத்த பால் பம்பு

தங்கச்சி,

மத்தியானம் உன் வீட்டுக்காரர் கடைக்கு வந்து, பரணில் கிடந்த அந்தக் கறுப்புப் பையை என் மேசைமேல் வைத்தார். அவரோடு கல்லூரியில் வேலை பார்க்கிற ஒருவர் வீட்டுக்குத் தத்துப் பிள்ளை வரப்போகிறதாம். "ஓடுதான்னு பாருங்க மச்சான். ஓடுச்சுன்னா குடுத்துருவோம்" என்று சொன்னவர், நான் பையைத் திறப்பதற்குள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். நின்று பார்க்க அவருக்குத் தெம்பில்லை. எனக்கும் இல்லைதான். ஆனால் ஒத்தக்கடையில் பம்பு என்றால் என் பேரைத்தானே சொல்கிறார்கள்.

ஜிப்பை இழுத்தேன். கொதிக்க வைத்துக் காய்ந்த பிளாஸ்டிக்கின் வாசம். நீ சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்த குழாய்கள். இரண்டு புனல்கள். மோட்டார் பெட்டியின் நெற்றியில் நான் வைத்த சந்தனப் பொட்டு, ஓரம் உதிர்ந்து, இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. வயரைச் சொருகி சுவிட்சைப் போட்டேன். சுக், சுக் என்று இழுத்து விட்டு இழுத்து விட்டு அதே சத்தம். சுற்றிலும் யானை மாதிரி மோட்டார்கள் படுத்துக் கிடக்க, அந்த எலிக்குஞ்சுச் சத்தத்துக்கு நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

இதே ஸ்டூலில்தான் அன்றைக்கு நீ உட்கார்ந்திருந்தாய். கடையில் இருந்த ஆட்கள் போகட்டும் என்று காத்திருந்து, அப்புறம் போனை நீட்டினாய். வெள்ளைத் துணியில் சுற்றிய பிள்ளை ஒன்று கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. தத்து கொடுக்கிற இல்லத்தில் பேசி முடித்தாயிற்று, எழுத்து வேலை முடிந்ததும் கூட்டி வரலாம் என்றாய். பிள்ளைக்குக் கலெக்டர் முகம் என்று நான் உடனே சொன்னேன். நீ சிரிக்கவில்லை. பெறாமலேயே பால் வர வைக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னதையும், மாத்திரை கொடுத்திருப்பதையும், பிள்ளை வருவதற்கு முன்னாலிருந்தே பம்பு வைத்து இழுத்துப் பழக்க வேண்டும் என்பதையும், கீழே கிடந்த மோட்டாருக்குச் சொல்வது போலக் குனிந்தே சொல்லி முடித்தாய்.

"அம்மா இருந்தா அதுகிட்டச் சொல்லுவேன். எனக்கு மெஷினப் பத்தி என்ன தெரியும்? நீதான பம்பு ஆளு, நீ வாண்ணே."

அப்புறம் மெதுவாக இன்னொன்றும் சொன்னாய். "ஒரு வாய் என்கிட்டக் குடிச்சிருச்சுன்னா போதும்ணே. அதுக்கு என்னைய அடையாளம் தெரிஞ்சிரும்."

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை இழந்துவிட்டது, உனக்குத் தெரியும். ஆனால் பேரையூர்ப் பக்கம் பாறைக்கு அடியில் தூங்குகிற தண்ணீரையே எழுப்பிக் கூட்டி வந்தவன் நான். டவுனுக்குள் போய் ஒரு பால் பம்பு வாங்குவது பெரிய காரியமா என்று சட்டையை மாற்றினேன். ஏழு கடை ஏறி இறங்கினோம். சரி, ரெண்டு கடை.

முதல் கடைக்காரர் கையால் அமுக்குகிற பம்பு ஒன்றை எடுத்து, காட்டுவதற்கு முன்பே செய்தித்தாளில் சுற்றப் பார்த்தார். பொருளைப் பார்க்காமல் வாங்குகிற வழக்கம் எங்கள் குடும்பத்திலேயே இல்லை என்று பிரிக்க வைத்தேன். அமுக்கி அமுக்கி என் விரலே வலித்தது. அடுத்த கடையில் கரண்டில் ஓடுவது இருந்தது. புனலை என் முழங்கைக்குக் கீழே வைத்து, வேகத்தைக் கடைசிவரைக்கும் ஏற்றச் சொன்னேன். மருந்து வாங்க நின்ற பெண்கள் எல்லாம் மருந்துச் சீட்டுக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டார்கள். தோல் பணியாரம் மாதிரி உப்பிச் சிவந்தது. இழுவை பரவாயில்லை, இதைவிடக் குதிரைத்திறன் கூட இருக்கிறதைக் காட்டுங்கள் என்றேன். நீ என் சட்டை முனையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாய். அந்தத் தடிப்பு ரொம்ப நாள் இருந்தது. கேட்டவர்களிடம் கட்டுவிரியன் கடித்துப் பிழைத்தேன் என்று சொல்லிவைத்தேன்.

கடைசியில் டாக்டரம்மா ஆஸ்பத்திரியிலேயே, தாய்மார்களுக்குப் பாலூட்டச் சொல்லிக்கொடுக்கிற நர்சம்மாவிடம் போய் நின்றோம். உன்னை உள்ளே கூட்டிப் போய் அளவு பார்த்துவிட்டு, பிறகு என்னைக் கூப்பிட்டார். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இழுப்பதாக வாங்க வேண்டும், புனல் அளவு பொருந்த வேண்டும், வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிய வேண்டும் என்றார். பெரிய இழுவையாகப் போட்டால் சீக்கிரம் வருமே என்று நான் என் அனுபவத்தை எடுத்துவிட்டேன். அந்தம்மா என் கைத் தடிப்பைப் பார்த்துவிட்டார்.

"அண்ணே, இது போர்வெல் இல்ல. ஓங்கி இழுத்தா புண்ணுதான் வரும். பிள்ளை எப்படி விட்டு விட்டுச் சப்பும், அப்படி இழுக்கணும், அடிக்கடி இழுக்கணும். வந்தாலும் கொஞ்சம்தான் வரும். சில பேருக்கு வராமலும் போகும். புட்டிப்பால் கூடவே வேணும்."

சொன்னதில் 'வராமலும் போகும்' என்பதை மட்டும்தான் நீ கேட்டுக்கொண்டாய் என்று உன் முகத்திலேயே தெரிந்தது. பஸ்ஸில் எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லித் தேற்றப் பார்த்தேன். காய்ந்து கிடந்த மோட்டாரை அப்படியே ஓட்டினால் வெறும் காற்றைத்தான் இழுக்கும். முதலில் நாம் ஒரு குடம் தண்ணீரை அதன் வாயில் ஊற்ற வேண்டும். அப்புறம்தான் கீழே இருப்பதைப் பிடிக்கும்.

"எனக்கு என்னத்தண்ணே ஊத்துறது?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

வழியிலேயே இறக்கி உன்னை மீன் கடைக்குக் கூட்டிப் போனேன். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற பால்சுறா கேட்டேன். மீன் விற்கிற அக்கா உன்னை மேலும் கீழும் பார்த்து, யாருக்குப் பிரசவம் என்று கேட்டார். நீ என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாய். நான் வாயைத் திறந்தேன். இந்தா நிற்கிற என் தங்கச்சிக்குத்தான், பொம்பளப் பிள்ளை, ஆபரேஷன் இல்லாத சுகப்பிரசவம், நாலரைக் கிலோ, தலை கொள்ளாத முடி, பிறந்ததும் தாய்மாமனைத்தான் தேடியது என்றேன். அந்த அக்கா ஒரு துண்டு சேர்த்துப் போட்டார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உன் கன்னத்தைத் தொட்டார். "பூண்டு நெறையப் போட்டு, புட்டு அவிச்சுச் சாப்புடு தாயி."

தெருமுனை வந்ததும் நீ சொன்னாய். "கொஞ்சம் குறைச்சுச் சொல்லுண்ணே. நாலரைக் கிலோவா?" சின்ன வயசிலிருந்து என் பேச்சு எல்லாவற்றுக்கும் நீ சொல்கிற அதே வார்த்தைதான். அன்றைக்கு மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாய்.

நர்சம்மா சொன்ன மாதிரியே பம்பு வாங்கினேன். தாய்மாமன் கொண்டுவருகிற முதல் சீர் என்று தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், மல்லிகைப்பூவோடு வைத்து உன் வீட்டு வாசலில் வந்து நின்றேன். பொட்டு வைக்காமல் எந்தப் புது மோட்டாரையும் நான் ஓட்டியதில்லை. இதற்கும் வைத்தேன், புனல் உட்பட. நீ தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டாய். மோட்டார் பெட்டியைத் தண்ணீரில் போட முடியாது என்பதால் அந்த ஒரு பொட்டு தப்பித்தது.

அப்புறம் நீ கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்த நாட்கள். வாசலில் நின்றால் சுக், சுக் என்று கேட்கும். நிற்கும். நீ வெளியே வந்து காலி பாட்டிலைக் கழுவுவாய். உன் வீட்டுக்காரர் நனைந்த செடிக்கே மறுபடியும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்பார்.

ஒரு காலையில் நான் திருவாதவூரில் ஒரு கிணற்று மேட்டில் நின்றபோது போன் வந்தது. "அண்ணே, வா." அவ்வளவுதான் சொன்னாய். கிரீஸ் கையோடு வண்டியை விட்டேன். நீ புனலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாய். அதன் கழுத்தில் ஒரு துளி, லேசான மஞ்சளாக, விழலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது. ஒரு சொம்பு தேறும் என்றேன். அன்றைக்கு நீ குறைக்கச் சொல்லவில்லை.

பிள்ளை வந்த சமயத்தில், பிள்ளைக்குப் புகட்டுகிற, மூக்கு வைத்த அந்தச் சின்னப் பாலாடைக் கிண்ணத்தில் பாதி வந்தது. கடைசிவரைக்கும் அதற்கு மேல் வரவில்லை. மிச்சமெல்லாம் புட்டிப்பால்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் உன்னிடம் வாய் வைத்த பிறகுதான் புட்டி. சப்பிக்கொண்டே அது உன் முகத்தை அண்ணாந்து பார்க்குமாம். சொல்லும்போது உன் குரல் எப்படி இருக்கும் தெரியுமா.

அது நடந்து, பேசி, கதை கேட்கிற வயசுக்கு வந்தது. அந்த முகத்தை அது பார்த்து முடிப்பதற்குள் உனக்கு டெங்கு வந்தது. காய்ச்சல்தானே என்று நீயே நடந்துபோய் ஆட்டோவில் ஏறினாய், திரும்பி வரவில்லை. எல்லாச் சேதியையும் பெருக்கிச் சொல்லியே வாழ்ந்தவன், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டபோது, அந்த ஒரு சேதியைக் கொஞ்சம் குறைத்துச் சொல்ல வழி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

இன்று சாயங்காலம் பள்ளிக்கூட வேன் உன் மகளைக் கடை வாசலில் இறக்கிவிட்டது. அப்பா வரும்வரை என்னோடுதான் இருப்பாள். ரெண்டாம் வகுப்பு. தான் தத்து வந்தவள் என்பது அவளுக்குத் தெரியும். நீ கதை மாதிரிச் சொல்லித் தூங்க வைத்ததுதானே. மேசையில் இருப்பது என்ன மெஷின் என்று கேட்டாள், சொன்னேன். சந்தனப் பொட்டை விரலால் தடவிக்கொண்டே நின்றாள். உங்க அம்மா உனக்குப் பால் கொடுத்திருக்கவே முடியாது என்று வேனில் ஒரு பிள்ளை சொல்லிவிட்டதாம்.

"எங்கம்மா எனக்குப் பால் குடுத்துச்சா மாமா? நெசமாச் சொல்லு."

தொண்டைவரை வந்துவிட்டது தங்கச்சி, குடம் குடமாக, அண்டா அண்டாவாக என்று. இத்தனை வருஷமாக ஒத்தக்கடை முழுக்க அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் அவள் கேட்ட விதத்துக்கு அதில் ஒரு சொட்டுகூடச் சேர்க்கத் தோன்றவில்லை.

"குடுத்துச்சு. பாலாடையில பாதி."

"பாதியா?"

"பாதிதான். அம்புட்டுக்கும் உங்கம்மா எத்தனை நாள் கதவச் சாத்திட்டு உக்காந்திருந்துச்சு தெரியுமா?"

அவள் நேரே, மோட்டார் எடுக்க வந்து நின்ற ஒரு வயக்காட்டுச் சம்சாரியிடம் போய், எங்கம்மா எனக்கு ஒரு வாளி பால் கொடுத்துச்சு என்றாள். அவர் தலையாட்டினார். அது போதாதென்று, இல்லை, ரெண்டு வாளி என்று திருத்தினாள். அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், யார் வளர்ப்பு என்று தெரிந்துகொண்டு சிரித்தார்.

நான் வாயைத் திறந்தேன். வந்தது உன் வார்த்தை.

"கொஞ்சம் குறைச்சுச் சொல்லு தாயி."

பம்பு நன்றாக ஓடுகிறது. நாளைக்கு அந்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவோம். இந்த வார்த்தையை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். இனிமேல் நம் வீட்டில் இதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

உன் அண்ணன்